உன்னைப் பற்றி உன் முன்னாலேயே ஜெபித்தேன்

தம்பி,

சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்கினால் நீ சிரிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமைதான் என் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடி மீன் குழம்பில் பாதியைத் தீர்த்துவிட்டு நொய்டாவுக்கு மெட்ரோ ஏறினாய். உன் சுகம் எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். "அம்மா, கோவில்ல எங்க கல்யாண ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால நான் பிரிஸிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?" என்று கேட்டாய். நான் உடனே குக்கரைத் திறக்கப் போனேன். அதில் ஆவி இன்னும் அடங்கவே இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ அதைப் பார்த்துவிட்டு, "டீக் ஹை, யோசிச்சுச் சொல்லு" என்று பேச்சை மாற்றினாய். நீ போன பிறகு அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ஏட்டி, அவன் கேட்டதுக்கு நீ ஒண்ணும் சொல்லலியே" என்றார். அவர் காதில் விழாது என்று நான் நினைத்திருந்தேன்.

நேரில் சொன்னால் நான் பாதியில் வேறு எதையாவது கேட்க ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. டெல்லியில் பிறந்து, இந்தியில் கனவு கண்டு, ஆங்கிலத்தில் சம்பளம் வாங்குகிற பிள்ளை நீ. ஆனாலும் ராத்திரி ஜெபத்தில் முறை வைத்து வசனம் வாசித்து வாசித்து உனக்குத் தமிழ் எழுத்து வந்துவிட்டது. மெதுவாக வாசி. அவசரம் ஒன்றும் இல்லை.

நீ "எல்லாத்தையும்" என்று சொன்னது எதை என்று நமக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் நீ உன் கையை நீயே காயப்படுத்திக்கொண்டிருந்தாய், அதற்காக ஒன்றரை வருஷத்துக்கு மேல் லாஜ்பத் நகர் மாடிப்படி ஏறி இறங்கினோம். இத்தனை காலம் ஆகியும் நம் வீட்டில் அதற்கு ஒரு பெயர் கிடையாது. "அந்த நேரம்" என்போம். அப்பா அதைக்கூடச் சொல்ல மாட்டார், "அப்போ" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

அது எப்படி எனக்குத் தெரிய வந்தது என்பதை நீ உன் பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருப்பாய். என் பக்கத்தையும் கேள். மே மாதம், வெளியே லூ, அந்த அனல்காற்று, அடித்துக்கொண்டிருந்தது. நீ முழுக்கைச் சட்டையோடு வீட்டுக்குள் திரிந்தாய். வயசுக்கு வந்த பையன், இது ஏதோ புதிய ஸ்டைல் என்று நினைத்தேன். எதையும் கிண்டிக் கிளறித் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று அப்பா கேலி செய்வார். அப்படிப்பட்ட நான் அதை மட்டும் கேட்காமல் விட்டேன். அந்த வாரம்தான் வீட்டுக்குப் புதிதாக பி.பி. மிஷின் வாங்கியிருந்தோம். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அதே வேலைதான், ஆனாலும் வீட்டு மிஷின் என்றால் அது தனி சந்தோஷம். அப்பாவுக்குப் பார்த்தேன், எனக்குப் பார்த்தேன், கீழ் வீட்டு சர்மா ஆன்ட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உன் முறை வந்தபோது "ரஹ்னே தோ அம்மா", விட்டுவிடு, என்று எழுந்தாய். "பி.பி. மிஷினுக்கே பயப்படுதான் பாரு, இவன் ஏர்ஃபோர்ஸ்ல சேரப் போறானாம்" என்று அப்பா சிரித்தார். வார்டில் நோயாளியிடம் கேட்காமல் சட்டைக் கையை மேலே தள்ளுவது போல நான் உன் சட்டைக் கையைத் தள்ளிவிட்டேன். பார்த்ததை எழுத மாட்டேன். உனக்கும் எனக்கும் அது தெரியும், வேறு யாருக்கும் அது வேண்டாம்.

எலும்பு முறிவு வார்டில் அத்தனை வருஷம் இருந்தவள் நான். ரத்தம் பார்த்து என் கை நடுங்கியதில்லை. அன்றும் நடுங்கவில்லை. சுத்தம் செய்து மருந்து வைத்தேன், டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டாய் என்று கேட்டேன். பிறகு, அடிபட்டு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். எப்படி ஆச்சு, ஏன் ஆச்சு. "பதா நஹீ" என்றாய், தெரியாது என்று. மறுபடி கேட்டேன். "பதா நஹீ அம்மா." தெரிந்துகொண்டே மறைக்கிறாய் என்றுதான் நினைத்தேன். தன் கையைத் தானே காயப்படுத்திக்கொள்கிற ஒருவனுக்கு அது ஏன் என்று உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. படிப்பா, யாராவது அடித்தார்களா, ஏதாவது பெண்ணா, போதைப் பழக்கமா என்று வரிசையாகக் கேட்டேன். நீ ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய், கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாய்.

அடுத்து நான் செய்ததை நம்மவர்கள் மட்டும்தான் செய்வார்கள். சனிக்கிழமை கோல் மார்க்கெட்டில் ஒரு குவார்ட்டர்ஸில் பெண்கள் சங்கத்து ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொல்வார்கள், ஊரில் மாமியாருக்கு மூட்டு வலி, மகளுக்கு விசா வரவில்லை, வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர். என் முறை வந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பத்தாம் கிளாஸ் பையன் தன்னைத்தானே காயப்படுத்திக்கிடுதான், அவனுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்றேன். பெயர் சொல்லவில்லையே, ரொம்ப ஜாக்கிரதையாக இருந்துவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு. நம் சபையில் அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் இருந்த பையன் நீ ஒருத்தன்தான் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஒரு ஆன்ட்டி உன் தலையில் கை வைத்து ஜெபித்தார். அது வரைக்கும் பரவாயில்லை. ஜெபித்து முடித்துக் கண்ணைத் திறந்தவர், "எந்தக் கைப்பா?" என்று கேட்டார். நல்ல மனுஷி அவர், இன்றும் எனக்குப் பிரியமானவர்தான். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்த வாரம் உன் நிலைமை இன்னும் மோசமானது, அதற்குப் பிறகு பல மாதம் நீ கோவிலுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் உன் கிளாஸ் டீச்சர் கவனித்து எங்களைக் கூப்பிட்டு, லாஜ்பத் நகரில் வளரும் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு மனநல நிபுணரின் நம்பரைக் கொடுத்தார். அப்படித்தான் சுனைனா மேடம் நம் வாழ்க்கைக்குள் வந்தார்.

கண்ணாடிக் கடைக்கு மேலே மாடி. இரண்டு அறை, ஒரு சின்ன வராந்தா, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. முதல் நாளே நம் மூன்று பேரையும் உட்கார வைத்து மேடம் சட்டத்தைச் சொல்லிவிட்டார். உள்ளே நீ பேசுவது உள்ளேயே இருக்கும். உன் உயிருக்கு ஆபத்து என்று அவருக்குத் தோன்றினால் மட்டும் அன்றைக்கே எங்களுக்குச் சொல்வார், அப்படிச் சொல்லப்போவதை உன்னிடமும் முன்கூட்டியே சொல்வார். மற்றபடி எங்களுக்கு ஒன்றும் கிடையாது. அப்பா தலையாட்டிவிட்டார். என்னால் முடியவில்லை. "மேடம், நான் நர்ஸ். எங்க வார்டுல கேஸ் ஷீட்டை நானும் பார்ப்பேன்" என்றேன், ஏதோ எனக்குத் தனிச் சலுகை உண்டு என்பது போல. "இங்கே நீங்கள் அம்மா" என்றார் அவர், இந்தியில், மரியாதையாக. எனக்குச் சுருக்கென்றது.

அந்த வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த வியாழக்கிழமைகளை நீ யோசித்துப் பார்த்திருக்கிறாயா? ஊசி இல்லை, மாத்திரை இல்லை, வெறும் பேச்சு. பேச்சால் எப்படி ஒரு காயம் வராமல் இருக்கும்? எனக்கு அது புரியவே இல்லை, அதே சமயம் தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியவில்லை. கதவில் காதை வைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் கதவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகும் வரை காத்திருந்து அதில்தான் உட்காருவேன். ஒரு சத்தமும் வராது. கீழே ஆட்டோ ஹாரன்தான் கேட்கும். ஒரு நாள் திடீரென்று நீ சிரித்தது கேட்டது. மாதக்கணக்காக வீட்டில் கேட்காத சிரிப்பு. பக்கத்தில் இருந்த பஞ்சாபிக்கார அம்மா என்னைப் பார்த்து, "ஆப்கா பேட்டா?" என்று கேட்டார். ஆமாம் என் மகன்தான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! கூடவே பொறாமையும் வந்தது. அந்த மேடம் அப்படி என்னதான் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பெற்றோருக்கென்று தனியாகச் சில நாள் வைத்தார்கள். அங்கேதான் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். முதல் நாளே நான் சண்டை போட்டேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று உன்னிடம் நேராகவே கேட்டதாக மேடம் சொன்னார். "இல்லாத எண்ணத்தை நீங்களே ஏன் பிள்ளை மனசில போடுறீங்க?" என்று கத்திவிட்டேன். கேட்பதால் அந்த எண்ணம் வராது, ஏற்கனவே இருந்தால் அதோடு அவன் தனியாக இல்லை என்றுதான் அவனுக்குத் தெரியும் என்றார். உன் சம்மதத்தோடு உன் பதிலையும் சொன்னார். அப்போது உனக்குச் சாக வேண்டும் என்று இல்லை. மண்டைக்குள் இருந்த இரைச்சல் தாங்க முடியவில்லை, அது குறைந்தால் போதும் என்று இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன், நீங்களும் கேட்கப் பழகுங்கள் என்றார். அப்பா அன்று வீட்டுக்கு வரும் வழியில் மூல்சந்த் சிக்னலில் ஆட்டோ நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

இன்னொன்றும் கற்றேன். 'ஏன்' என்று கேட்காதீர்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள் என்பார் மேடம். அவர் உன்னிடம் அப்படித்தான் செய்தாராம். ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அந்த நிமிஷத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்குவது. அதற்கு முன்னால் எங்கே இருந்தாய், யார் என்ன சொன்னார்கள், உடம்பில் எங்கே என்ன செய்தது. டியூஷன் டெஸ்ட், ஒரு நண்பனின் மெசேஜ், பதில் வராதது, மாடிப்படி, வீட்டு வாசல் என்று போகும். வார்டில் நான் இத்தனை காலம் கேட்டதெல்லாம் கடைசிப் படியைப் பற்றி மட்டும்தான். கீழே இவ்வளவு படிகள் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைக் கேட்கக் கேட்க எனக்கே ஆர்வம் தாங்கவில்லை, என் சொந்தக் கோபங்களை அப்படிப் பின்னோக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் அது அப்பா கட்டிலில் போட்டுவிட்டுப் போன ஈரத் துண்டில் போய் முடிந்தது.

அப்படி உன்னோடு பின்னோக்கிப் போனபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்ததாம். நீ சம்மதித்து, நம் மூன்று பேரையும் வைத்துக்கொண்டு மேடம் அதைப் பேசினார். நிறைய நாள், எட்டு மணி ஜெபம் முடிந்து நீ உன் அறைக்குப் போன பிறகுதான் அது நடந்திருக்கிறது. எனக்குத் தலையில் தண்ணீரைக் கொட்டினது போல இருந்தது. மேடத்துக்கோ நம் குடும்ப ஜெபம் என்றால் என்னவென்றே தெரியாது. "நீங்கள் ஜெபத்தில் என்ன சொல்வீர்கள்? எனக்குச் சொல்லிக் காட்டுவீர்களா?" என்று கேட்டார், குற்றம் கண்டுபிடிக்கிற குரலே இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். நான் தமிழில் சொல்லிக் காட்டினேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும். மொபைலைத் தூரப்போட மனசைத் தாரும். மேத்ஸ்ல அவன் வாங்கின மார்க்கை நீர் பார்த்தீர். பெத்தவங்க படுற பாட்டை அவன் உணரும்படி செய்யும்." அப்பா இந்தியில் பெயர்த்துச் சொன்னார், மார்க்கை மட்டும் விட்டுவிட்டு. அப்போதுதான் நீ வாய் திறந்தாய். "மேரீ ஷிகாயத், மேரே ஹீ சாம்னே. ஔர் ஆமென் பீ முஜே ஹீ போல்னா ஹை." என்னைப் பற்றிய புகார், என் முன்னாலேயே, அதற்கு ஆமென்னும் நானே சொல்ல வேண்டும்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போயிருப்பேன். எங்க அம்மா அப்படித்தான் ஜெபித்தாள், எங்க தெருவில் எல்லா அம்மாவும் அப்படித்தான் ஜெபித்தார்கள். வீட்டில் யாருக்கு என்ன கோபம், என்ன கவலை என்பது அந்த ஜெபத்தில்தான் வெளியே வரும். நேராகச் சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது, மேலே சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். "அப்படின்னா ஜெபம் பண்றது தப்பா?" என்று கேட்டேன். "ஜெபத்தைப் பற்றிச் சொல்ல நான் யார்? அதனால்தான் இவனுக்கு இப்படி ஆனது என்றும் நான் சொல்லவில்லை, அது பல படிகளில் ஒரு படி. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ள நினைத்தேன்" என்றார். பிறகு ஒரு வேலை கொடுத்தார். ஒரு வாரத்துக்கு, ஜெபத்தில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மட்டும் பேச வேண்டும். மகனுக்காக அம்மா கேட்கக் கூடாது, அம்மாவைப் பற்றி அப்பா சொல்லக் கூடாது. ஆமென் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம்.

அன்று எட்டு மணிக்குப் பாயை விரித்து உட்கார்ந்தோம். வசனம் நீ வாசித்தாய். அடுத்து நான். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மற்றவர்களைப் பற்றி அரை மணி நேரம் மூச்சுவிடாமல் ஜெபிக்கிறவளுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இல்லை. "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். அப்பா பாயின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். பிறகு சொன்னார்: "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. ஆபீஸ்ல பில்லு பார்க்கும்போதும் பயமா இருக்கு. நான் என்ன பேசணும்னு எனக்குத் தெரியல." அவ்வளவுதான். நான் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டேன், ஜெபத்தில் கண் திறக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் உண்டு. நீயும் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளைப் பார்ப்பது போல, யார் இவர் என்று. அன்று யாரும் ஆமென் சொல்லவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் நீயே இந்தத் தாளைக் கிழித்துப் போடுவாய். ஆகவில்லை. இரண்டு முறை பழையபடி ஆனது. முதல் முறை நான் மேடத்திடம் போய், இத்தனை மாதமும் வீண் என்று அழுதேன். வழுக்கி விழுந்தவன் ஏறின படியெல்லாம் இல்லை என்று ஆகிவிடுமா, என்ன நடந்தது என்று பார்ப்போம் என்றார். முகத்தில் சில்லென்ற தண்ணீரை அடிப்பது, மூச்சை மெதுவாக வெளியே விடுவது, மாடிப்படி ஏறி இறங்குவது, யாராவது ஒருவரிடம் போய் நிற்பது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததை எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிற அந்த வேகம் எவ்வளவு உயரமாக எழுந்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் நிற்காது, தானே இறங்கும், அது இறங்கும் வரை கூட இருந்தால் போதும் என்றார். இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று நான் நினைத்தேன். முகம் கழுவுவதற்கு ஃபீஸ் கட்டுகிறோமே என்று அப்பாவிடம் சொல்லவும் செய்தேன்.

நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சாயங்காலம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மார்னிங் டியூட்டி முடிந்து வந்து நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ சமையலறை வாசலில் வந்து நின்றாய். முகமெல்லாம் ஈரம், சட்டைக் காலர் வரை ஈரம். "அம்மா, இன்னைக்கு ரொம்ப இருக்கு" என்றாய். எது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வாய் வரைக்கும் வந்தது, தம்பி. ஏன், என்ன ஆச்சு, யார் என்ன சொன்னா, ப்ரீ போர்டு பரீட்சையா, எல்லாம் வரிசையில் நின்றது. "சாகணும்னு தோணுதா?" என்று மட்டும் கேட்டேன். "இல்ல. அது இல்ல" என்றாய். "சரி, செருப்பைப் போடு. ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் மீன் வாங்கிட்டு வருவோம்" என்றேன். வீட்டில் மீன் இருந்தது.

நடந்தே போனோம். உன் காலர் ஈரம் இன்னும் காயவில்லை, நான் அதைப் பார்க்காத மாதிரி கறிவேப்பிலை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். மார்க்கெட்டில் ஒரு மீன்காரர் பழைய மீனை என் தலையில் கட்டப் பார்த்தார். நீ திடீரென்று புகுந்து, "பையா, இஸ்கீ ஆங்க் தேகோ, ஏ தோ பிச்லே ஹஃப்தே மரீ ஹை" என்று சண்டைக்குப் போனாய். போன வாரமே செத்த மீன் என்று நீ சொன்னதைக் கேட்டு அந்த ஆளே சிரித்துவிட்டார். சாலை தாண்டும்போது பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். வீட்டு கேட் பக்கத்தில் வந்து, "கம் ஹோ கயா" என்றாய். குறைந்துவிட்டது. அன்று ராத்திரி ஃப்ரிட்ஜில் மீன் வைக்க இடமில்லை, அப்பா ஏன் இவ்வளவு மீன் என்று கேட்டார். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல நர்சிங் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, சொல்லாதே என்பதுதான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பிரிஸி நல்ல பெண், எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனால்தான் பயம். அவள் பயந்து விலகிவிட்டால்? அவள் அம்மாவிடம் சொல்லி, அவர்கள் ஓலையை நிறுத்திவிட்டால்? கோவிலில் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தால்? கையில் இருக்கிற தழும்புக்கு சைக்கிளில் இருந்து விழுந்தான் என்று ஒரு கதை கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். எலும்பு வார்டு நர்ஸ் சொன்னால் யாரும் நம்புவார்கள். இரண்டு நாள் அந்தக் கதையை மெருகேற்றிக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

பிறகு நான் எனக்கே அந்தப் பின்னோக்கிப் போகிற வேலையைச் செய்து பார்த்தேன். ஏன் பயப்படுகிறாய் என்று கேட்காமல், அதற்கு முன்னால் என்ன என்று கேட்டேன். அடியில் இருந்தது பிரிஸி இல்லை. நீ என்னிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொல்லப் போகிறாய் என்பதுதான். அத்தனை வியாழக்கிழமையும் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவள் நான், கதவைத் திறந்து உள்ளே அழைக்கப்படப் போவது அவள். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். மாமியார் ஆவதற்கு முன்னாலேயே மாமியார் புத்தி வந்துவிட்டது எனக்கு.

ஆகவே சொல், தம்பி. அவளிடம் சொல். உன் விஷயத்தை ஒரு தடவை உன்னைக் கேட்காமல் நான் ஊருக்குச் சொன்னேன். இந்த முறை உன் வாயால், உனக்குப் பிடித்த வார்த்தையில், நீ தேர்ந்தெடுத்த ஆளிடம் அது போகட்டும். கோவில் வளாகத்தில் வேண்டாம், அங்கே சுவருக்கும் காது இருக்கிற விஷயம் உனக்கே தெரியும். லோதி தோட்டத்தில் நடந்துகொண்டே சொல், உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட நடக்கும்போது உனக்கு எளிதாக வரும். அன்றைக்கே பதில் கேட்காதே. அவள் ஏன் என்று கேட்டால் கோபப்படாதே, எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், உன் அம்மாவும் கேட்டாள். இன்னொன்று. அவளை உன் வார்டு நர்ஸ் ஆக்கிவிடாதே. உன் கையை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு பொறுப்பை அவள் தலையில் வைக்காதே. மறுபடி எப்போதாவது ரொம்ப இருந்தால் அவளிடம் சொல், அதோடு சுனைனா மேடம் போன்ற ஒருவரிடமும் போ. இரண்டும் வேண்டும். கல்யாணம் வைத்தியம் இல்லை, நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் மருந்தாக எழுதிக் கொடுப்பார்கள்.

இந்தக் கடிதத்தை உன்னிடம் காட்டாமல் யாரிடமும் காட்ட மாட்டேன். வராந்தாவில் இன்றைக்கும் யாரோ ஒரு அம்மா கதவுக்குப் பக்கத்து நாற்காலிக்காகக் காத்திருப்பாள், அவள் வாசிக்கட்டும் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு. பெயர் எதுவும் இல்லாமல், பிரிஸியையும் சுனைனா மேடத்தையும்கூட வேறு பெயரில் மாற்றி எழுதிக் கொடுக்கலாம். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். எந்த வரியையும் அடி, முழுவதையும் அடித்தாலும் சரி. அந்த ஆன்ட்டி வரியை மட்டும் விட்டுவிடு என்று கேட்டுக்கொள்கிறேன், அது எனக்கு வேண்டும்.

கடைசியாக ஒன்று. நீ அவளிடம் என்ன சொன்னாய், அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்க மாட்டேன். அப்பாவை விட்டும் கேட்க வைக்க மாட்டேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாதா? நொய்டாவில் நீ காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதைக்கூட விசாரிக்காமல் இருக்க முடியாதவள் நான். ஆனாலும் கேட்க மாட்டேன். நீ அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வரும்போது கதவைத் திறப்பேன், உனக்குப் பின்னால் அவள் நிற்கிறாளா என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்வேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும் நீ வா. சாப்பாடு வைத்திருப்பேன்.

உன் அம்மா